ட்ரோனுக்கு எலுமிச்சம்பழம்

பிள்ளைகளே, இதை எழுதச் சொன்னது என் மகள் வினோதினி. அவளும் அவளோடு படித்த மூன்று பேரும் சேர்ந்து நன்னிலம் பக்கத்தில் ட்ரோன் வாடகைக்கு விடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்திருப்பதே நீங்கள்தானே. வயலில் மெஷின் ஓட்டிக் காலம் தள்ளியவன் என்கிற முறையில் உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். நான் பத்தாவது வரை படித்தவன். கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டினேன். இடுப்பு போனதும் இறங்கிவிட்டேன். பேட்டரியை எப்படிச் சார்ஜ் போடுவது, மருந்துக் குழாய் அடைத்தால் எப்படிச் சுத்தம் செய்வது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அதற்கு உங்களுக்கு வகுப்பு நடந்தது, சான்றிதழும் கொடுத்தார்கள். மெஷினைச் சுற்றிக் கூடி நிற்கிற மனிதர்களை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு மட்டும் எந்தக் கல்லூரியிலும் வகுப்பு கிடையாது. நான் எழுதப் போவது அவர்களைப் பற்றி.

நான் முதன்முதலில் கதிர் மெஷினை வயலில் இறக்கியபோது வரப்பில் நின்றவர்கள் என்னவெல்லாம் பேசினார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மெஷின் அறுத்த நெல்லில் சோறு குழையுமாம். மெஷின் வைக்கோலைத் தின்றால் மாட்டுக்குப் பால் வற்றுமாம். அதே ஆட்கள் பின்னால் அறுவடைக் காலத்தில் விடியற்காலையில் போன் போட்டு, "எங்கய்யா போயித் தொலைஞ்ச, கதிரு கொட்டுது" என்று என்னை ஏசினார்கள். இவர்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். புதிதாக ஒன்று வந்தால் பயப்படுகிறவன், வேலை நடப்பதைக் கண்ணால் பார்த்தால் மாறிவிடுவான். அவனுக்குப் பொறுமை காட்டலாம்.

இன்னொரு ரகம் இருக்கிறது. மெஷினைக் கண்டதும் கைதட்டுகிற ரகம். அதற்கு மாலை போடுவார்கள், அதன் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், மேடை போட்டு அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அது வேலை செய்வதற்கு என்ன தேவை என்று மட்டும் கேட்க மாட்டார்கள். நம்முடைய தொழிலைக் கெடுக்கிறவர்கள் இவர்கள்தான். இவர்களை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

வினோதினி மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அவள் கல்லூரியில் ஒரு ட்ரோன் வாங்கினார்கள். வாங்கி என்ன செய்தார்கள்? நுழைவாயில் கூடத்தில் கண்ணாடி அலமாரி செய்து அதற்குள் வைத்தார்கள். மேலே ஒரு விளக்கு. பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் பார்க்க வேண்டுமாம். வேளாண் பொறியியல் படிக்கிற பிள்ளைகளும் அந்தப் பெற்றோரோடு சேர்ந்து கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள். வினோதினி துறைத்தலைவரின் அறை வாசலில் போய்ப் போய் நின்று, கடைசியில் அவளையும் கிஷோர் என்ற பையனையும் பயிற்சிக்கு அனுப்பும்படி செய்தாள். இருவரும் தேறினார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாப்பிடும்போது காற்று வேகம், தூங்கப் போகும்போது காற்று வேகம். மொட்டை மாடியில் ஒரு குச்சியில் நூலைக் கட்டி அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். "துணி காயப்போட இடமில்லை, இவ காத்தைக் காயப்போடறா" என்று அவள் அம்மா திட்டுவாள். படிக்கிற காலத்தில் ஒரு புதுச் சாமானோடு பழகுவது என்றால் எனக்குத் தெரிந்து அதுதான். அதன் குணத்தைக் கண்டுபிடிக்கிறவரை அவளுக்கு உறக்கம் இல்லை.

அந்தத் தை மாதம் கல்லூரிக்கு ஒரு யோசனை வந்தது. விழா எடுக்க வேண்டும்.

நம் பக்கத்தில் சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தை வீசி விடுவோம். மண் ஈரத்தில் அது முளைக்கும். நெல் போனபின் எழுந்து வரும். அதை ட்ரோன் வைத்து விதைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள். நல்ல யோசனைதான். எந்த வயல் என்று தேர்ந்தெடுத்த விதத்தைக் கேளுங்கள். மண் பார்த்தார்களா, பயிர் பார்த்தார்களா? இல்லை. கார் நிறுத்த எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்தார்கள். தார் ரோட்டு ஓரத்தில், பக்கத்திலேயே அறுத்து முடித்த வயல் ஒன்று காலியாகக் கிடந்த இடமாக ராஜாத்தியின் வயல் அகப்பட்டது.

ராஜாத்தி எங்கள் ஊர்தான். நடவுக் கூலியாக அவள் அம்மா இறங்கிய அதே மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தை அவள் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் வைத்திருந்தாள். அதுதான் முதல் வருஷம். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். விளைச்சல் ஒழுங்காக வந்தால் அடுத்த வருஷமும் அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். கேட்டுக்கொண்டு இரண்டு பேர் அவர் வீட்டு வாசலில் ஏற்கெனவே நின்றார்கள். பயிர் நெஞ்சுயரம் வளர்ந்து, மணி முற்றி, தலை தொங்கி நின்றது.

அவளே என்னிடம் வந்து சொன்னாள். "ஏண்ணே, உங்க பொண்ணு படிக்கிற காலேஜுலேருந்து வந்திருந்தாங்க. மேலேருந்து உளுந்து போடுறாங்களாம். காசு கிடையாதாம்."

"சரின்னுட்டியா?"

"நான் எங்க சரிங்கறது? நிலத்துக்காரர்கிட்டயே போன்ல பேசிட்டாங்க. அவருக்கென்ன, ஏசியில உக்காந்துக்கிட்டு சரிம்பாரு. நிலம் அவரோடது. கதிரு என்னோடதுல்ல?"

"ட்ரோனை விடப் போறது நம்ம வினோதினிதான். பயப்படாத."

"பாப்பாவா? அப்ப சரி. ஆனா முன்னாடியே வந்து எனக்கு ஒருதடவை காட்டச் சொல்லுங்க. படத்துல காட்டுறதெல்லாம் எனக்கு வேணாம்."

அவள் கேட்டது நியாயம். விழாவுக்கு முன்னால் ஒரு விடியலில் வினோதினியும் கிஷோரும் அனுமதி வாங்கி ட்ரோனைக் கொண்டுவந்தார்கள். வயலின் ஒரு மூலையில் மட்டும் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். நானும் வரப்பில் நின்றேன். தாழ்வாக விட்டபோது அதன் விசிறிகள் கீழே தள்ளிய காற்றில் கதிர்கள் சீப்பு வைத்துச் சீவியதுபோல் படுத்தன. ஒரு கை அகலத்துக்கு எழுந்திருக்கவே இல்லை. ராஜாத்தி, "ஏ பாப்பா, ஏத்து ஏத்து" என்று கத்தினாள். உயரத்தில் ஏற்றி விட்டபோது பயிர் அசைந்து, பிறகு நிமிர்ந்துகொண்டது. காற்றே இல்லாத நேரம் என்பதால் உளுந்தும் நேராக விழுந்தது.

வினோதினி அங்கேயே முடிவு செய்தாள். உயரத்தில்தான் விட வேண்டும். காற்று கிளம்புவதற்கு முன்னால், காலையிலேயே விட வேண்டும். காற்று வந்துவிட்டால் உயரத்தில் விட்ட உளுந்து அடுத்த வயலுக்குப் போகும். உளுந்து நம் வயலில் விழட்டும் என்று இறக்கினால் கதிர் படுக்கும். இதைத் துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் முனைவர் பட்டம் வாங்கியவர். "அதெல்லாம் ஏழு மணிக்கே ஆரம்பிச்சுடும்மா. அழைப்பிதழ்லயே போட்டிருக்கு" என்றார்.

படுத்த கதிர் என்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அதை அறுத்தே என் இடுப்பு போனது. தரையோடு ஒட்டின பயிரை மெஷினின் பல் பிடிக்காது. பிடித்தால் சேற்றோடு சேர்த்துப் பிடிக்கும். ஈரத்தில் கிடந்த மணி முளைவிடும். அந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டினால், அள்ளிக்கொண்டு போ என்பார்கள். ராஜாத்திக்கு அது வெறும் நெல் அல்ல, அடுத்த வருஷக் குத்தகை.

விழா நாள் வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்கு நான் போனபோது இலை அசையவில்லை. டீக்கடைப் புகை நட்டுவைத்ததுபோல் நேராக மேலே போனது. ட்ரோனுக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயம் அந்த நேரத்தில் ஊரில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் செலவு செய்து கொண்டுவந்திருந்தார்கள்: பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, கட்டவுட், வரவேற்க நாதஸ்வரம். சிறப்பு விருந்தினர் மட்டும் வரவில்லை. அவர் தாளாளரின் மைத்துனர். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருக்கிறார், பொங்கலுக்கு வந்தவர்.

காத்திருக்கிற நேரத்தில் ட்ரோனுக்கு அலங்காரம் நடந்தது. ஒருவர் சந்தனம் வைத்தார், ஒருவர் குங்குமம் வைத்தார். கதம்ப மாலை ஒன்றை விசிறியிலேயே மாட்டினார்கள். வினோதினி அதைக் கழற்றிக் கழற்றி வைக்க, அவர்கள் மாட்டி மாட்டி வைத்தார்கள். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டுமே! இதற்கோ சக்கரம் கிடையாது. பேராசிரியர்கள் இரண்டு பேர் கொஞ்ச நேரம் அதைப் பற்றி ஆலோசித்தார்கள். பிறகு நான்கு பழத்தை அதன் காலுக்கு அடியில் ஆளுக்கு இரண்டாக வைத்தார்கள். ட்ரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அப்படியே படம் எடுத்துக்கொண்டார்கள்.

பத்தரைக்குக் கார் வந்தது. நாதஸ்வரம் முழங்கியது. வினோதினி ஓடிப்போய் ரிமோட்டைக் கையில் எடுத்தாள். அப்போதும் காற்று மோசமில்லை. பந்தல் துணி லேசாகத்தான் அசைந்தது. விருந்தினர் காரிலிருந்து இறங்கியதும் போனை எடுத்தார். ஏதோ புதுத் தொழில்நுட்பம் காட்டப் போகிறார் என்று நான்கூட எட்டிப் பார்த்தேன். போனில் பஞ்சாங்கம் வைத்திருக்கிறார்.

"ராகுகாலம் ஆரம்பிச்சுடுச்சே. பன்னண்டுக்கு மேல வச்சுக்கலாமா?"

"அதான் சார் நல்லது" என்றார் முனைவர்.

வினோதினி, "சார், காத்து..." என்று ஆரம்பித்தாள்.

"காத்து எங்கம்மா ஓடிப் போவுது? உக்காரு" என்றார் துறைத்தலைவர்.

காற்று ஓடித்தான் வந்தது. விருந்தினர் பேசப் பேச, கிழக்கிலிருந்து அது கூடிக்கொண்டே இருந்தது. அவர் பேச்சில் ஒரு வரி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மாணவர்கள் புதிய தொழில்நுட்பத்தை இரு கரம் நீட்டித் தழுவிக்கொள்ள வேண்டும் என்றார். அவருடைய இரு கரத்திலும் சால்வை இருந்தது. அவர் பின்னால் பந்தல் துணி படபடவென்று அடித்தது. எதிரே ராஜாத்தியின் வயல் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அலை அலையாகப் புரண்டது. மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் வயல் முதுகுக்குப் பின்னால் இல்லை, கண்ணுக்கு நேராகவே இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வினோதினியைக் கூப்பிட்டார்கள்.

"சார், இப்ப விட முடியாது" என்றாள்.

துறைத்தலைவர் சிரித்த முகத்தை மாற்றாமலே கேட்டார். "என்னம்மா முடியாது?"

"காத்து கூடிப்போச்சு சார். மேல விட்டா உளுந்து பக்கத்து வயலுக்குப் போயிடும். கீழ விட்டா கதிர் படுத்துடும். அன்னைக்கே சொன்னேனே."

"ஒரே ஒரு ரவுண்டு. போட்டோவுக்குத்தான்."

"போட்டோவுக்குன்னா அந்த அறுத்த வயல்ல விடுறேன் சார். அங்க ஒண்ணும் ஆகாது."

"பேனர்ல என்ன போட்டிருக்கு? நெல்லுக்குள்ள உளுந்து விதைப்புன்னு போட்டிருக்கு. வெறும் வயல்ல விட்டா ஊர் சிரிக்காதா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் மார்க்கு யார் கையில இருக்கு, தெரியும்ல?"

"உங்க கையில சார். நான் இதைப் பறக்க விட்டா ராஜாத்தி அத்தை கையில ஒண்ணும் இருக்காது."

சொல்லிவிட்டாளே தவிர, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் பிறந்து, கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் அவள்தான். அந்த மதிப்பெண் அவளுக்கு விளையாட்டில்லை. கூட்டத்தில் பேச்சு கிளம்பியது. "பொண்ணு பயந்துடுச்சு." "பொம்பளைப் புள்ளைகிட்ட போயிக் குடுத்தாங்க பாரு." என் பக்கத்து நாற்காலிக்காரர் என் தொடையில் தட்டிக் கேட்டார்: "மெஷின்காரரே, உம்ம பொண்ணுக்கு மெஷின்னா பயமா?" அவர்தான் அந்தக் காலத்தில் மாட்டுக்குப் பால் வற்றும் என்று சொன்னவர். பதில் சொல்லித் திருத்துகிற அளவுக்கு அவருக்கு வயது பாக்கி இல்லை.

வினோதினி ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். துறைத்தலைவர் அதை எடுத்துக் கிஷோரிடம் நீட்டினார். கிஷோர் நல்ல பையன். நல்ல பையன்களிடம் உள்ள ஒரே குறை, பெரியவர்கள் நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். வாங்கிக்கொண்டு வினோதினியைப் பார்த்தான். "கிஷோர், உசரத்துலயே வை. யார் என்ன சொன்னாலும் இறக்காத" என்றாள்.

முதலில் அப்படித்தான் செய்தான். ட்ரோன் உயரத்தில் போனது. உளுந்து காற்றில் சாய்ந்து பக்கத்து வாய்க்காலில் விழுந்தது, மீனுக்குத் தீனி. விருந்தினர் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் கீழ வரட்டும். இவ்வளவு மேல இருந்தா போட்டோல காக்கா மாதிரி தெரியும்." துறைத்தலைவர் கையால் இறக்கு இறக்கு என்று காட்டினார். கிஷோர் இறக்கினான்.

கதிர் படுத்தது. காற்று ஒரு பக்கம் சாய்க்க, ட்ரோன் மேலேயிருந்து தள்ள, பயிர் பாய் விரித்ததுபோல் விழுந்துகொண்டே வந்தது. விருந்தினர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பாருங்க, பாருங்க! பயிரே குனிஞ்சு நமக்கு வணக்கம் சொல்லுது!"

கைதட்டினார்கள், பிள்ளைகளே. வயலில் பிறந்து வயலில் வளர்ந்தவர்கள், படுக்கிற கதிரைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒலிபெருக்கியில் ஒருவன் சொன்னால் சொந்தக் கண்ணையே சந்தேகிக்கிற ஜனம்.

ராஜாத்தி மட்டும் தட்டவில்லை. "அடப் பாவிங்களா! என் கதிரு!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வயலுக்குள் ஓடினாள். ட்ரோனுக்கு நேர் கீழே. கிஷோர் மரமாகி நின்றுவிட்டான். வினோதினி பாய்ந்து அவன் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினாள். முதலில் ஏற்றினாள், ராஜாத்தியின் தலைக்கு மேலேயிருந்து எவ்வளவு சீக்கிரம் விலக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம். பிறகு கிளம்பிய இடத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். கயிறு கட்டி ஒதுக்கியிருந்த அந்த இடத்தில் எள் போட இடமில்லாமல் ஆட்கள் நின்று, ட்ரோனுக்கு முதுகைக் காட்டித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "தள்ளிப் போங்க! இறக்கணும்! தள்ளுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து இன்னும் நெருங்கினார்கள். மறுபடியும் கத்திப் பார்க்கவில்லை அவள். ட்ரோனை அவர்கள் தலைக்கு மேல் வராமல் வளைத்துக் கொண்டுபோய், அறுத்த வயலின் நெல்தாள்மீது இறக்கி, விசிறியை நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தில் அழுகை வந்தது.

"அங்க ஏன் இறக்கினாங்க? இங்க இறக்கினாத்தானே படம் நல்லா இருக்கும்" என்று பந்தலில் ஒருவர் வருத்தப்பட்டார்.

விருந்தினருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தது. ட்ரோனை வேனில் ஏற்றிக் கண்ணாடி அலமாரிக்கே கொண்டுபோனார்கள். ஒருவரும் வரப்பில் கால் வைத்துப் பார்க்கவில்லை.

வயலில், பந்தல் அகலத்துக்கு ஒரு பட்டை, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை படுத்துக் கிடந்தது. மீதி நின்றது. இன்னும் இரண்டு சுற்று போயிருந்தால் முக்கால் வயல் போயிருக்கும். கிடந்ததை அப்படியே விட்டால் சேற்றில் ஒட்டி முளைத்துவிடும். வினோதினி சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். கிஷோரும் இன்னும் நாலைந்து பிள்ளைகளும் செருப்பை வரப்பில் விட்டுவிட்டு அவள் பின்னால் இறங்கினார்கள். படுத்த பயிரைத் தூக்கி, கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கட்டி நிறுத்த வேண்டும். ராஜாத்தி வாய் ஓயவில்லை.

"ஏ கண்ணு, அது கதிரு. ஷூ நாடா இல்ல, இப்படி இறுக்க. மூச்சு விடட்டும்."

"சரிங்கக்கா" என்றாள் இறங்கிய பிள்ளைகளில் ஒருத்தி.

"நீ ஏன்டா தம்பி அழுவுற?"

கிஷோர் மூக்கை உறிஞ்சினான்.

"அழுவாத. ஏற்கெனவே வயல்ல ஈரம் ஜாஸ்தி. அந்தக் கொத்தைப் பிடி."

பொழுது சாயும்வரை கட்டினார்கள். மறுநாள் காலை உளுந்தை ராஜாத்தி தானே வீசிக்கொண்டாள், வேறு வழி? கொஞ்சம் நெல் வீணானது. மீதி வீடு வந்து சேர்ந்தது. நிலம் அவள் கையைவிட்டுப் போகவில்லை.

செய்தி மட்டும் வேறு மாதிரி வந்தது. ட்ரோன் விதைப்பு மாபெரும் வெற்றி என்று போட்டிருந்தார்கள். படத்தில் ராஜாத்தி இருந்தாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வயலுக்குள் ஓடுகிறாளே, அந்தப் படம். கீழே, "மகிழ்ச்சியில் துள்ளும் பெண் விவசாயி" என்று எழுதியிருந்தது. கல்லூரியில் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, ட்ரோன் அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வினோதினிக்கு அந்தப் பருவத்தில் அக மதிப்பெண் தேறும் அளவுக்கு மட்டும் வந்தது. ஒத்துழைப்புக் குறைவாம்.

படிப்பு முடிந்ததும் அவளும் கிஷோரும் மற்ற இருவரும் கடன் வாங்கிச் சொந்தமாக ட்ரோன் வாங்கியதும், அதன் பிறகு நடந்ததும் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. "அது மேடையில பயந்துபோன பொண்ணாச்சே" என்று ஊரெல்லாம் பேச்சு. வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒருவன் வந்து, காற்றடித்தாலும் தூறினாலும் பறக்கவிடுவேன் என்று மார்தட்டினான். எல்லாரும் அவனிடம் போனார்கள். அவன் அடித்த மருந்து யார் யார் வயலில் விழுந்தது என்று அவனுக்கும் தெரியாது, கூப்பிட்டவர்களுக்கும் தெரியாது. ஆனால் பார்க்க நன்றாக இருந்தது. எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ட்ரோன் சாக்குப் போர்த்திக் கிடந்தது. கடனைக் கேட்டு வங்கியிலிருந்து ஆள் வர ஆரம்பித்தார்கள். கிஷோர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தச் சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது. ஒருநாள் உச்சிப்பொழுதுக்கு முன்னால் ராஜாத்தியிடமிருந்து போன். "பாப்பா, உடனே ட்ரோனை எடுத்துக்கிட்டு வா. புழு இலையைச் சுருட்டிருச்சு." முதல் அழைப்பு. நால்வரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வண்டியை ஓட்டியது நான்.

வயலில் இறங்கினால் நல்ல காற்று. வரப்பில் வேறு மூன்று பயிர்க்காரர்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவர், "என்னம்மா, விடுவியா, இல்ல போன தடவை மாதிரிதானா?" என்று கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். கிஷோர் வினோதினியின் காதில், "ஒரே ஒரு பக்கம் மட்டும் அடிச்சுப் பாக்கலாமா?" என்றான். அவள் பையிலிருந்து ஒரு நூலை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். அது படுக்கைவாட்டில் நின்றது. சுற்றி நின்ற முகங்களை ஒருமுறை பார்த்தாள். வங்கிக்காரர் முகமும் அவள் மனசில் வந்திருக்கும்.

"இன்னைக்கு வேணாம் அத்தை. மருந்து உங்க வயல்ல விழாது. நாளைக்கு விடியக்காலையில வரேன்."

வரப்பில் நின்றவர்கள் சிரிக்க வாயெடுத்தார்கள். ராஜாத்தி முந்திக்கொண்டாள்.

"காத்தடிக்குதுன்னு எனக்கு மட்டும் தெரியாதா? நீ என்ன சொல்லுவேன்னு இவங்க காதால கேக்கணும்னுதான் இந்த நேரத்துல கூப்பிட்டேன்." பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள். "பார்த்தீங்கல்ல? என் வயலை முடிச்சுட்டு உங்க மூணு வயலுக்கும் வருவா. காலையில மருந்தை வாங்கி வச்சுக்கிட்டு நில்லுங்க. லேட்டா வந்தீங்கன்னா அவ பறக்க விட மாட்டா, நானும் விடச் சொல்ல மாட்டேன்."